இரட்டைக் கோடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால், ஹாரனுக்கு முன்னால் என் குரல்தான் கேட்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பொய் இல்லை. அப்படிப்பட்டவளை, நாள் முழுக்கக் கணினித் திரையோடு மட்டும் உறவாடுகிற வேலையில் கொண்டுபோய் உட்கார வைத்தது ஆண்டவருடைய குசும்பு.

தொம்மலூரில் ஒரு சின்ன மரபணு ஆய்வகம். கீழே பேக்கரி, மாடியில் நாங்கள். காரணம் தெரியாத நோயோடு பிறந்த குழந்தைகளின் ரத்தம் எங்களிடம் வரும். அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை இயந்திரம் எழுத்தெழுத்தாகப் படித்துக் கொட்டிவிடும். அந்தக் குவியலில் எந்த எழுத்து பிழை என்று தேடுவது என் வேலை. பன் வேகிற வாசனையில் பசியோடு தேடுவேன்.

இந்த வேலை செய்கிறவர்கள் பொதுவாக நோயாளியின் முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. முடிவை டாக்டருக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் இடத்தில் மட்டும் அது நடக்காது. ஆய்வகத்தை நடத்துகிற மேடம் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் புரியும், பேச வராது. அவர் போட்ட வழக்கம் ஒன்று உண்டு. பிழையைக் கண்டுபிடித்தால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், தேடினவரே குடும்பத்தின் எதிரில் உட்கார்ந்து தன் வாயால் சொல்ல வேண்டும். "நீவே ஹேளி" என்பார். நீங்களே சொல்லுங்கள். அவ்வளவுதான், அப்பீல் கிடையாது. எனக்கு அந்த வழக்கத்தின் மேல் ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வரும். பெற்றவர்கள் அழுவதைப் பார்க்கவா நான் இவ்வளவு படித்தேன்?

அப்படி ஒரு 'ஒன்றும் கிடைக்கவில்லை'யைச் சொல்லத்தான் அன்று போய் உட்கார்ந்தேன். எதிரில் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிற ஒரு தம்பதி. கணவர் அதிகம் பேசமாட்டார். மடியில் நாலரை வயதுப் பெண் குழந்தை. நடை தாமதமாக வந்தது, பேச்சு வரவே இல்லை, வலிப்புக்கு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்ததும் அந்தக் குட்டி முதல் வேலையாக என் கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டைப் பிடித்து இழுத்தது. எவர் கழுத்தில் எது தொங்கினாலும் அவளுக்கு அது வேண்டும். டாக்டர்களின் ஸ்டெதஸ்கோப், பாட்டுக் கேட்கிற ஒயர், எதையும் விட்டதில்லையாம். நான் குனிந்த தலையோடுதான் கெட்ட செய்தியைச் சொன்னேன்.

"டெஸ்ட்ல ஒண்ணும் கிடைக்கலம்மா."

தாய் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"கிடைக்கலயா மேடம், இல்லயா? ரெண்டும் வேற வேறங்க."

அவள் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதின புரோகிராமில் எங்கே உதைக்கிறது என்று தோண்டிக் காட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அடுத்து கேட்டாள்: "உங்க டெஸ்ட் மொத்தத்துல எவ்ளோ இடத்தக் கவர் பண்ணுது?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. நம் டி.என்.ஏ.வில் புரதம் செய்யச் சொல்லும் பகுதியை மட்டும்தான் அந்தச் சோதனை படிக்கும். தெரிந்த பரம்பரை நோய்களில் பெரும்பாலானவற்றின் பிழை அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்பதால். மொத்தத்தில் அது நூற்றில் இரண்டு பங்குகூடச் சரியாக வராது.

"ரெண்டா!" என்றாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க டீம்ல ஒருத்தன் நூத்துல ரெண்டு பாத்துட்டு பாஸ்னு போட்டான்னா, நான் ரிலீஸையே நிறுத்திருவேன் மேடம்."

கணவர் அவள் கையைத் தொட்டார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அப்போதுதான் உண்மையான கேள்வி வந்தது.

"வேற எதுவும் வேணாம். இவ இப்டிப் பொறந்ததுக்கு எங்க கல்யாணம்தான் காரணமா? ஆமாவா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

ஃபைலைப் பிரித்ததும் முதல் பக்கத்தில் தெரிவது குடும்பப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவியை இணைக்க ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் அந்த இடத்தில் இரட்டைக் கோடு போடுவோம். இவர்கள் படத்தில் இரட்டைக் கோடு இருந்தது. அவள் கட்டியிருந்தது சொந்த அத்தை மகனை. அப்பாவின் கூடப் பிறந்த தங்கையே மாமியார். எங்களுக்கு வருகிற தமிழ்க் குடும்பங்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஒரே தாத்தாவிடமிருந்து இறங்கி வந்த ஒரு பிழை இரண்டு பக்கமாகவும் குழந்தைக்கு வந்து சேர்ந்துவிடுகிற ஆபத்து இந்தக் கல்யாணங்களில் கூடுதல். அப்படி வந்த குழந்தைகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இவர்கள் ஏறி இறங்கின எல்லா இடத்திலும் டாக்டர்கள் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே, "சொந்தத்துல பண்ணிக்கிட்டீங்களா, அதான்" என்று முடித்துவிட்டார்கள். இன்னொரு குழந்தை பெற்றாலும் நாலில் ஒரு பங்கு இதே ஆபத்து என்று பயமுறுத்தியும் அனுப்பியிருந்தார்கள்.

"தெரியலம்மா" என்றேன். அதுதான் உண்மை.

மேடம் அன்று மாலையே அவர்களை ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார். குழந்தை, தாய், தகப்பன் மூவருடைய டி.என்.ஏ.வையும் இரண்டு பங்கு அல்ல, முழுக்கப் படிப்பது. அதற்கு மாதக்கணக்காகும் என்று சொல்லியும் அவள் சும்மா இருந்தாளா? லீவு கிடைக்கிற போதெல்லாம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். கேஸ் இன்னும் திறந்திருக்கிறதா, மூடிவிட்டோமா என்று பார்க்கத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். முதலில் பேஜாராக இருந்தது. பிறகு அவள் வராத வாரம் எனக்கே என்னவோ போல் ஆனது. மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். குட்டிக்காக ஒரு பழைய ஐ.டி. கார்டு நாடாவை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதைக் கொடுத்தால் ஏற்க மாட்டாள். நான் மாட்டியிருப்பதுதான் வேண்டும்.

குட்டி எப்போதும் அழகான ஃப்ராக் போட்டிருப்பாள். கடையில் பார்த்திராத பூ டிசைன், நல்ல துணி, சுத்தமான தையல். ஆனால் ஒன்றுகூட அவள் அளவுக்குச் சரியாக இராது. ஒன்று தோளில் தொளதொளக்கும், இன்னொன்று கை குட்டையாக இருக்கும். ஒருநாள் கீழே பேக்கரியில் டீ குடிக்கும்போது கேட்டுவிட்டேன்.

"யாரும்மா தெக்கறா? துணி மஜாவா இருக்கு, அளவுதான் சும்னே, குத்துமதிப்பா போட்ட மாதிரி இருக்கு."

"அத்தை" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். டீயில் படிந்த ஏட்டை விரலால் எடுத்துப் போட்டாள். பிறகு மொத்தத்தையும் சொன்னாள்.

அத்தை ஹெப்பகோடியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வரிசைக்குச் சூப்பர்வைசர். கணவர் இல்லை. இவர்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர் அவர்தான். அண்ணன் மகள் தன் வீட்டுக்கு வருகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். முதல் டாக்டர் 'அதான்' என்று சொன்ன அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில், அத்தனை பேர் முன்னால், இவள் வெடித்திருக்கிறாள். "உன் ஆசைக்கு என் புள்ளையப் பலி குடுத்துட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கத்திவிட்டாள். அத்தை அந்த வாரமே தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் அடுக்குமாடியின் கேட் வரைக்கும் வருவார். வெட்டி மிஞ்சின ஏற்றுமதித் துணியில் தைத்த ஃப்ராக்கையோ முருங்கைக்கீரையையோ செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். மேலே வந்ததே இல்லை.

"புள்ளைய அளந்து பாக்காமலே தெக்கறாங்கக்கா. கண்ணளவுகூடக் கிடையாது. யோசன அளவு."

"நீயாச்சும் போய்க் கூப்பிட்டியா?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கூப்புடறது? ஒருவேள அவங்கதான் காரணம்னு ஆயிட்டா? நான் போய்ச் சமாதானம் ஆயிட்டு, அப்பறம் ரிப்போர்ட்ல அதே வந்துச்சுன்னா, எனக்கு மறுபடி கோவம் வராதுன்னு என்னா நிச்சயம்? தெரியாம நான் போமாட்டேன்க்கா. தெரியணும்."

அன்றைக்குத்தான் அந்த ஃபைலுக்குள் என்ன மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

முழு டி.என்.ஏ.வும் வந்தது. தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். "நீவே ஹேளி."

இந்த முறை அவள் தனியாக வந்திருந்தாள். நான் சொல்லி முடித்ததும், "என்னென்ன ஃபில்டர் போட்டீங்கக்கா?" என்றாள்.

என்னிடம் யாரும் அதுவரை கேட்காத கேள்வி. ஒரு மனிதருக்கும் இன்னொருவருக்கும் டி.என்.ஏ.வில் லட்சக்கணக்கான வித்தியாசங்கள் இருக்கும். முக்கால்வாசி ஒன்றும் செய்யாதவை. சலித்து எடுக்காவிட்டால் ஆயுசுக்கும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் சல்லடை போடுவோம். அவளிடம் சொன்னேன். ஒரு சல்லடை, புரதத்தைக் கெடுக்கிற மாற்றத்தை மட்டும் விடும். இன்னொன்று, அம்மா வழியாக வந்த பிரதியிலும் அப்பா வழியாக வந்த பிரதியிலும் ஒரே பிழை இருந்தால் மட்டும் விடும்.

"ரெண்டாவது எதுக்கு?"

"நீங்க சொந்தத்துல கட்டினவங்க. அந்த மாதிரி கேஸ்ல வழக்கமா அப்டித்தான் இருக்கும்."

"அப்போ அந்த ரெட்டக் கோடு என் ஃபைல்ல இல்லன்னா வேற மாதிரி தேடியிருப்பீங்க?"

நான் வாயைத் திறந்து மூடினேன். என் வாய் மூடுவது அபூர்வம்.

"பதில மொதல்லயே எழுதி வெச்சிக்கிட்டு அதுக்கு ஏத்த எடத்துலயே தேடறீங்கக்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உலகம் பூரா இப்டித்தாம்மா பண்றாங்க! நீ வந்து சொல்லிக் குடுக்க வேணாம்."

"உலகம் பூரா தப்பா டெஸ்ட் பண்ணா அது பாஸ் ஆயிடுமா?"

போய்விட்டாள். நான் மேஜைக்குத் திரும்பி, பொருமிக்கொண்டே இரண்டு சல்லடையையும் கழற்றினேன். கண்டுபிடிக்க வேண்டும் என்று அல்ல. ஏசுவே, சத்தியமாக அல்ல. சல்லடை இல்லாமல் எவ்வளவு குப்பை கொட்டும் என்று அடுத்த முறை அவள் மூக்குக்கு நேராகக் காட்ட வேண்டும், அதற்குத்தான். மலையாகக் கொட்டியது. திருப்தியாக இருந்தது. இதை எப்படி அடுக்கிக் காட்டலாம் என்று யோசித்து, குழந்தையிடம் இருக்கிற, ஆனால் தாயிடமும் தகப்பனிடமும் இல்லாத மாற்றங்களை மட்டும் தனியாகப் பிரித்தேன். மலை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படிப் புதிதாகச் சில மாற்றங்கள் இருக்கும். யாரும் தராமல், கருவாகிற சமயத்தில் தானாக நேர்பவை. அதில் ஒன்று மாற்றம் அல்ல, ஓட்டை. ஒரு துண்டு டி.என்.ஏ. அங்கே இல்லவே இல்லை. இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இல்லை.

முன்பே இது என் கண்ணில் பட்டிருக்க வேண்டியது. புரதம் செய்கிற ஜீன் எதுவும் அந்தத் துண்டில் கிடையாது என்பதால் முதல் சல்லடை தள்ளிவிட்டது. ஒரு பிரதியில் மட்டும் என்பதால் இரண்டாவதும் தள்ளியிருக்கும். அங்கே இருந்தது ஒரு நீளமான ஆர்.என்.ஏ.வுக்கான ஜீன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

இந்த ஆர்.என்.ஏ.க்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது என்ன? டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. என்கிற நகல், நகலிலிருந்து புரதம், உடம்பின் வேலையைச் செய்வது புரதம். ஆனால் நம் செல்களில் ஆயிரக்கணக்கான நீள ஆர்.என்.ஏ.க்கள் புரதம் எதையும் செய்யாமல் திரிகின்றன. லேபில் 'லிங்க் ஆர்.என்.ஏ.' என்போம். வெகு காலம் இவற்றை வெட்டிப்பயல் என்றுதான் நினைத்திருந்தார்கள். கல்யாணப் பந்தியில் ஒருவர் இருப்பார், கவனித்திருக்கிறீர்களா? சமைக்கவும் மாட்டார், பரிமாறவும் மாட்டார். மூலையில் நின்று, "போதும் போதும், அடுத்த வரிசைக்குப் போ" என்று மட்டும் சொல்வார். அவர் இல்லாத பந்தியில், சாம்பார் வாளிக்காரன் ஒரே இலையில் ஊற்றிக்கொண்டே நிற்பான். இந்த ஆர்.என்.ஏ.க்களில் பல அந்த ஆள்தான்.

பெண்களின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம் உண்டு. அதில் ஒன்றின் மேல் முழுக்கப் படர்ந்து, போர்வை போர்த்துகிற மாதிரி அதை அமர்த்தி வைப்பது இப்படி ஒரு ஆர்.என்.ஏ.தான். நானும் எங்கம்மாவும் உயிரோடு இருப்பது அது தன் வேலையைச் சரியாகச் செய்வதால். உடம்பு தன்னையே தாக்கிக்கொள்கிற நோய்கள் பெண்களுக்கு ஏன் அதிகம் வருகின்றன என்று தேடுகிறவர்கள் அதன் மேலும் இப்போது சந்தேகப்படுகிறார்கள். ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயில் பெருகுகிற ஒன்று சிறுநீரிலேயே தெரிந்துவிடும். இன்னும் சில, புற்றுநோய் ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பரவத் துணை போகின்றன. நல்லதோ கெட்டதோ, சத்தமில்லாமல் இவ்வளவு நிர்வாகம் நடந்திருக்கிறது. வாயை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிற எனக்கு, ஒரு வார்த்தை பேசாமல் இத்தனையும் நடத்துகிற அவற்றின் மேல் பொறாமையும் மரியாதையும் சேர்ந்தே வருகிறது. சும்மா சொல்லக் கூடாது, அன்று திரையைப் பார்த்தபோது புல்லரித்தது.

ஏனென்றால் ஓட்டைக்குப் பக்கத்து ஜீன் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. மூளை வளர்வதற்கு அது அளவாக வேலை செய்ய வேண்டும். அதன் புரதம் குறைந்தால் வலிப்பு வரும் என்று முன்பே தெரியும். கூடினாலும் ஆகாது. அந்தக் காணாமற்போன ஆர்.என்.ஏ. அதற்குப் போதும் சொல்கிற ஆளாக இருந்தால்?

இருந்தால் என்று வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் போக முடியாது. சோதித்துப் பார்க்க மூவருடைய ரத்தத்திலிருந்தும் ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டும். டி.என்.ஏ. கல் மாதிரி, எங்கே போட்டாலும் கிடக்கும். ஆர்.என்.ஏ. அப்படி அல்ல. விரல் பட்டால் போச்சு. வேர்வையிலும் எச்சிலிலும் அதைத் தின்கிற பொருள் இருக்கிறது. அதனால் அந்த அறையில் முகமூடி, இரட்டைக் கையுறை. பேச்சுக்கும் தடை. மேடத்தோடு கூட நின்று உதவி செய்தேன். வேலை முடிகிறவரை ஒரு சொல் பேசவில்லை. வெளியே வந்ததும் மேடம் என் தோளைத் தட்டி, நான் வாய் திறக்காத இந்த அதிசயத்தைத்தான் முதலில் பிரசுரிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

விடை வந்தது. பக்கத்து ஜீன் தாயிடமும் தகப்பனிடமும் அளவாக இருந்தது. குழந்தையிடம் வழிந்துகொண்டிருந்தது. மறுபடியும் சோதித்தோம். அப்படியேதான்.

கண்டுபிடித்தால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது வழக்கம். இந்த முறை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கணவன் மனைவி இருவரும் வந்தார்கள். குட்டி ஓடிவந்து கழுத்து நாடாவைப் பிடித்தாள். பந்தியையும் சாம்பார் வாளியையும் சொல்லி விளக்கினேன். "இது உங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. உங்க கல்யாணத்தால வந்தது இல்ல. யாரோ ஊர் பேர் தெரியாதவரக் கட்டியிருந்தாலும் வந்திருக்கலாம். எங்க வீட்ல வந்திருக்கலாம். யாரும் பண்ணல."

அவள் தன் வழக்கப்படி தோண்டினாள். தப்பாக இருக்க வாய்ப்பு உண்டா? இரண்டு முறை, இரண்டு விதமாகப் பார்த்தோம். அடுத்த குழந்தைக்கு வருமா? அந்த நாலில் ஒன்று கிடையாது. அரிதிலும் அரிது. வராது என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் கருவிலேயே சோதித்துப் பார்க்க இப்போது வழி இருக்கிறது. மருந்து? அதிகமாக வழிவதைக் குறைக்க எங்கெங்கோ முயற்சி செய்கிறார்கள், இன்றைக்கு என் கையில் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அவள் அழவில்லை.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்றாள் மெதுவாக. பிறகு, "எனக்குச் சொன்னது பத்தாதுக்கா. அத்தைக்கும் சொல்லணும். தேடினவங்கதான் நேர்ல சொல்லணும்னு உங்க ஆபீஸ்ல ஒரு ரூல் இருக்கில்ல?"

இருக்கிறது, ஒன்றும் கிடைக்காத கேஸுக்கு. என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் வாசலிலேயே ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, ஹெப்பகோடி போய்ச் சேர்ந்தேன். வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அவளும் குட்டியும் தெருமுனையில் காத்திருந்தார்கள். கணவர் வண்டியோடு தள்ளி நின்றுகொண்டார். நான்தான் கதவைத் தட்டினேன். திறந்தவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். நல்ல உயரம், நிமிர்ந்த நடை, ஒரு வரிசைத் தையல்காரர்களை அதட்டி வேலை வாங்குகிற முகம். கழுத்தில் இஞ்ச் டேப். உள்ளே தையல் மிஷினில் பாதி தைத்த ஒரு சின்ன ஃப்ராக். எனக்குப் பின்னால் அண்ணன் மகளைப் பார்த்ததும் அந்த முகம் பயத்தில் வெளுத்துவிட்டது.

"புள்ளைக்கு என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலங்க. நான் ஆஸ்பத்திரி இல்ல, லேப். உங்ககிட்ட ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்."

கட்டிலில் உட்கார வைத்தார். தான் உட்காரவில்லை. மருமகள் நிலைப்படியைத் தாண்டவில்லை, குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நிதானமாக என் வாழ்நாளில் நான் பேசியதில்லை. அவர் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்கண்ணன் ரத்தமும் என் ரத்தமும் சேந்ததால இல்லீங்களா?"

"இல்லீங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"உங்க மருமக பாக்க வெச்சாங்க. அவங்க விடாமப் புடிச்ச புடிதான். இல்லன்னா நாங்களும் 'அதான்'னு எழுதிட்டுப் போயிருப்போம்."

அவர் நிலைப்படியைப் பார்த்தார். மருமகளை அல்ல, குட்டியை. பிறகு என்னிடம் திரும்பி, டாக்டரிடம் பத்தியம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அப்போ நான் புள்ளையத் தொடலாமா, மேடம்?"

எனக்குக் கோபம் வந்தது. "எந்தப் பாவி தொடக் கூடாதுன்னு சொன்னான்?"

"யாரும் சொல்லல. என் ரத்தந்தான் அதுக்கு ஆவலன்னு சொன்னாங்களே. நானாத்தான் எட்ட இருந்தேன். கேட் வரைக்கும் வருவேன். பால்கனில தெரிவா."

நிலைப்படியில் நின்றவள் அப்போதுதான் அழுதாள். என்னிடம் இரண்டு முறை 'ஒன்றும் கிடைக்கவில்லை' கேட்டு அழாதவள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கேள்வி கேட்டே எங்கள் ஆய்வகத்தைப் புரட்டிப்போட்டவளுக்கு, மன்னித்துவிடு என்கிற ஒரு சொல் வரவில்லை. குட்டியின் முதுகில் கைவைத்து மெதுவாக உள்ளே தள்ளினாள்.

"அத்தே, ஒரு ஃப்ராக்கும் அளவா இல்ல. யோசன அளவுல தெக்காத இனிமே. அளவெடு. வீட்டுக்கு வந்து எடு."

குட்டி தள்ளாடிக்கொண்டே போனாள். இஞ்ச் டேப் கண்ணில் பட்டதும் நேராக அதைப் பிடித்து இழுத்தாள். அத்தை குனிந்தார். டேப்பை வாங்கி அளக்கப் பார்த்தார், அவள் விடவில்லை. டேப்பை அவளிடமே விட்டுவிட்டுக் கையை விரித்து, குட்டியின் தோளிலிருந்து கீழே சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார்.